வாதாபி நினைவிருக்கிறது; லோபாமுத்ரா?

பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத சமஸ்கிருதப் பெயர் தேடுகிறவர்கள் அநேகமாகத் தாண்டிப் போய்விடும் ஒரு பெயர் உண்டு. அதன் பொருள் அகராதியில் இல்லை, கதையில் இருக்கிறது.

பெண் குழந்தை பிறந்த வீட்டில் இப்போதெல்லாம் பெயர் வேட்டை மூன்று நிபந்தனைகளோடு தொடங்குகிறது. பெயர் சமஸ்கிருதமாக இருக்க வேண்டும். பள்ளியில் இன்னொரு குழந்தைக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது. ஜோசியர் சொன்ன எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். பெயர்ப் புத்தகங்களும், அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்ட இணையப் பட்டியல்களும் சளைக்காமல் பெயர்களைக் கொட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே ஒரு வரியில் பொருள்: அழகானவள், ஒளி மிக்கவள், லட்சுமி, துர்க்கை. அவற்றில் சில எந்த சமஸ்கிருத அகராதியிலும் கிடையாது என்று தெரியவருவதற்குள் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த வேட்டையில் சற்று சிரமப்படுகிறவர்கள் பரணி நட்சத்திரம் நான்காம் பாதத்துக்காரர்கள். அவர்களுக்கு ஜோசியர் கொடுக்கும் எழுத்து 'லோ'. லோகேஸ்வரி, லோகநாயகி, லோசனா என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சின்னப் பட்டியலில்தான் லோபாமுத்ராவும் இருக்கிறாள். தமிழ்நாட்டில் அவளை அநேகமாக யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

காரணம் கேட்டால் பலரும் சொல்லக்கூடியது காதில் விழும் ஓசை. தமிழில் லோபி என்றால் கஞ்சன். பெண்ணுக்குப் போய் கஞ்சத்தனத்தைப் பெயராக வைப்பதா? உண்மையில் இது எழுத்து செய்யும் குழப்பம். சமஸ்கிருதத்தில் பேராசையைக் குறிக்கும் சொல்லும், இல்லாமல் போவதைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு எழுத்துகள் கொண்டவை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி 'லோபம்' என்றுதான் எழுத முடியும். கஞ்சன் வருவது முதல் சொல்லிலிருந்து. அகத்தியரின் மனைவி பெயரில் இருப்பது இரண்டாவது. பாணினியின் இலக்கணத்தில் ஓர் எழுத்து காணாமல் போவதற்கும் அதுதான் பெயர். முத்திரை என்பதற்கு விளக்கமே தேவையில்லை.

இரண்டையும் சேர்த்தால் என்ன பொருள்? இங்கே பண்டிதர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. மானின் கண்ணழகு போல ஒவ்வொரு உயிரினத்திலிருந்தும் அதன் தனி அழகை எடுத்து அவளை உருவாக்கியதால், அவை தங்கள் முத்திரையை இழந்தன என்பது பிரபலமான விளக்கம். கதைக்குப் பொருந்துகிறது. ஆனால் பெயருக்காகப் பின்னால் செய்துகொண்ட விளக்கம் போலவும் தெரிகிறது. ஒரு வரிப் பொருள் கேட்கும் பெற்றோரை இது திருப்திப்படுத்தாது. இந்தப் பெயரின் பொருளை அகராதியில் தேடுவதே வீண் வேலை. அதை வைத்திருந்தவள் என்ன செய்தாள் என்பதுதான் பொருள்.

தமிழ்நாட்டுப் பாட்டிகள் சொன்ன கதைகளில் வாதாபி கதைக்குத் தனி இடம் உண்டு. அசுரன் ஆடாக மாறுவான், கறியாக இலையில் விழுவான், அண்ணன் கூப்பிட்டதும் விருந்தாளியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவான். அகத்தியரிடம் அது பலிக்கவில்லை. வயிற்றைத் தடவி ஜீரணித்துவிட்டார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அகத்தியர் அந்த வீட்டுக்கு எதற்காகப் போனார் என்று கேட்டால் பதில் வராது. அவர் போனது பணம் கேட்டு. பணம் தேவைப்பட்டது, மனைவி கேட்டதால்.

மகாபாரதத்தின் வன பர்வம் இதை விரிவாகவே சொல்கிறது. முன்னோர்கள் ஒரு குழியில் தலைகீழாகத் தொங்குவதைக் காண்கிறார் அகத்தியர். வம்சம் வளர்ந்தால்தான் அவர்களுக்கு விடுதலை. தனக்கேற்ற பெண் இல்லை என்று கருதி, உயிரினங்களின் சிறந்த அம்சங்களைச் சேர்த்து ஒரு பெண்ணை உருவாக்கி, குழந்தை வேண்டித் தவமிருந்த விதர்ப்ப அரசனிடம் கொடுக்கிறார். பெண் வளர்ந்ததும் வந்து கேட்கிறார். காட்டில் திரியும் முனிவருக்கு மகளைக் கொடுக்க அரசனுக்கு மனமில்லை. மறுக்கவும் பயம். அந்தச் சங்கடத்தைத் தீர்ப்பது மகள்தான். என்னைக் கொடுத்துவிட்டு நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

திருமணம் ஆனதும் பட்டையும் நகையையும் கழற்றச் சொல்கிறார் கணவர். மரவுரி கட்டிக்கொண்டு கங்கைக் கரையில் அவரோடு தவமிருக்கிறாள். காலம் கழித்து, பிள்ளை வேண்டும் என்ற நினைவு வந்து முனிவர் அவளை நெருங்கும்போதுதான் கதை திரும்புகிறது. கைகூப்பியபடியே அவள் ஒரு நிபந்தனை வைக்கிறாள். தகப்பன் வீட்டில் இருந்தது போன்ற படுக்கை வேண்டும், நகை வேண்டும், நீங்களும் அலங்கரித்துக்கொண்டு வர வேண்டும். என்னிடம் ஏது பணம் என்கிறார் அவர். தவ வலிமையால் கொண்டுவர முடியுமே என்கிறாள். தவம் வீணாகும் என்கிறார். தவத்தை வீணாக்க வேண்டாம், ஆனால் என் விருப்பமும் நிறைவேற வேண்டும் என்கிறாள்.

முனிவர் புறப்படுகிறார். மூன்று அரசர்களின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கிறார். மூன்றிலும் வரவும் செலவும் சரியாக இருக்கின்றன. அதில் கை வைத்தால் குடிமக்கள் கஷ்டப்படுவார்கள் என்று தொட மறுக்கிறார். கடைசியில்தான் பணக்கார அசுரன் இல்வலனின் வீடு, அவன் தம்பி வாதாபி, அந்த விருந்து. செல்வத்தோடு திரும்பியவர் மனைவிக்கு ஒரு தேர்வு தருகிறார். ஆயிரம் பிள்ளைகளா, பத்துப் பேருக்குச் சமமான நூறு பேரா, நூறு பேருக்குச் சமமான பத்துப் பேரா, ஆயிரம் பேரை வெல்லும் ஒருவனா? ஒருவன் போதும் என்கிறாள்.

மகாபாரதத்துக்கும் முந்தையது ரிக் வேதம். அதன் முதல் மண்டலத்தில் 179ஆவது சூக்தம் ஆறே மந்திரங்கள் கொண்டது. முதல் இரண்டும் லோபாமுத்ராவுடையவை என்கிறது மரபு. தவத்திலேயே வருடங்கள் ஓடிவிட்டன, முதுமை உடலின் அழகைக் கரைத்துவிடும், கணவன் மனைவியிடம் வர வேண்டும் என்று நேராகப் பேசுகிறாள். அகத்தியர் பதில் சொல்கிறார். ஒட்டுக்கேட்ட சீடன் ஒருவன் கடைசியில் பிராயச்சித்தம் தேடுகிறான். வேத மந்திரங்களைக் கண்ட பெண்களின் வரிசையில் லோபாமுத்ராவுக்கு இடம் கிடைத்தது இதனால்தான். ஆசையைச் சொன்ன பெண்ணின் குரலை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை.

தமிழுக்கு அவள் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. தொல்காப்பியப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வருகிறாள், உலோபாமுத்திரையாக. மனைவியை அழைத்துவர மாணவரை அனுப்பும் அகத்தியர், நான்கு கோல் தூரம் விலகியே வர வேண்டும் என்று கட்டளையிடுகிறார். வழியில் வைகையில் வெள்ளம் அவளை இழுக்கிறது. மாணவர் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டுகிறார். அவள் பிடித்துக்கொண்டு கரையேறுகிறாள். நான்கு கோல் தூரம் என்னவாயிற்று என்று கோபித்து இருவரையுமே சபிக்கிறார் குரு. குற்றமில்லாதவர்களைச் சபித்ததால் அதே சாபம் அவருக்கும் திரும்புகிறது. அந்த மாணவர்தான் பின்னாளில் தொல்காப்பியர் என்பது உரை சொல்லும் கதை. வரலாறாக இதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இங்கும் லோபாமுத்ரா பற்றி நாம் நினைவில் வைத்திருப்பது ஒன்றுமில்லை. குருவும் சீடரும் போட்ட சண்டைதான் நினைவில் நின்றது.

வெள்ளிக்கிழமைகளில் லலிதா சகஸ்ரநாமம் சொல்கிற தமிழ் வீடுகளில் அவள் பெயர் வாரம் தவறாமல் ஒலிக்கிறது. லோபாமுத்ராவால் அர்ச்சிக்கப்பட்டவள் என்பது அம்பிகையின் 647ஆவது நாமம். ஸ்ரீவித்யை வழிபாட்டில் ஒரு மந்திர மரபுக்கே லோபாமுத்ரா வித்யை என்று பெயர். பூஜை அறையில் வாய் நிறையச் சொல்லும் பெயர், பெண்ணுக்கு வைக்கும்போது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

அகத்தியருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மலைக்கு அவர் பெயர், அருவிக்கு அவர் பெயர், தென் வானத்து நட்சத்திரத்துக்கும் அவர் பெயர். 1972இல் வந்த 'அகத்தியர்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜனே அகத்தியராக வந்தார். மற்ற ரிஷி பத்தினிகளுக்கும் குறையில்லை. திருமணத்தன்று அருந்ததி பார்க்காத மணமகள் அபூர்வம். அனுசூயாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அருந்ததியும் அனுசூயாவும் பொறுமைக்கும் கற்புக்கும் எடுத்துக்காட்டுகள். லோபாமுத்ரா எதற்கு எடுத்துக்காட்டு என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. பதிவிரதைதான், ஆனால் கேட்டுவிட்டாள்.

கிழக்கே போனால் நிலைமை வேறு. கொல்கத்தாவிலோ புவனேஸ்வரத்திலோ ஒரு லோபாமுத்ராவைச் சந்திப்பது அதிசயம் அல்ல. வங்காளிகளுக்கு நீளமான பெயர் ஒரு பிரச்சினையே இல்லை. பள்ளிக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று இரண்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. வீட்டில் லோபா என்று கூப்பிட்டால் போயிற்று. கவிஞர் ஜய் கோஸ்வாமியின் கவிதையைப் பாட்டாகப் பாடிப் புகழ்பெற்ற லோபாமுத்ரா மித்ரா அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பாடகி. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தியது இந்தி 'பிக் பாஸ்'. 2016இல் தொடங்கிய பத்தாவது பருவத்தின் இறுதிச் சுற்று வரை வந்த மாடல் அழகி லோபாமுத்ரா ராவுத். அவருடைய ஊர் நாக்பூர், அதாவது பழைய விதர்ப்பம். இளவரசி பிறந்த வீடு திரும்பிவிட்டாள்.

குடகுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அவர்கள் ஐதிகத்தில் லோபாமுத்ராவும் காவேரியும் ஒருவரே. தன்னைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அகத்தியரை மணக்கிறாள். ஒருநாள் அவளைக் கமண்டலத்து நீராக வைத்துவிட்டு அவர் குளிக்கப் போகிறார். வாக்கு மீறப்பட்டதும் அவள் நதியாக ஓடிவிடுகிறாள். ஐப்பசி பிறக்கும் நாளில் தலைக்காவேரியில் கூடும் கூட்டம் அந்த ஓட்டத்தைத்தான் கொண்டாடுகிறது. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் காவேரி என்று பெயர் வைத்த பெற்றோர் எல்லாம், தெரியாமலேயே, லோபாமுத்ராவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நடைமுறைச் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. வகுப்பில் லோபி என்று கேலி செய்ய ஒரு பையனாவது இருப்பான். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. 'முத்ரா' என்று சுருக்கிக் கூப்பிட்டாலோ, 2015க்குப் பிறகு பலருக்கும் வங்கிக் கடன் திட்டம்தான் ஞாபகம் வரும். ஆனால் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று புறப்பட்டவர்கள் இதற்கெல்லாம் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

எப்படியும் ஒருநாள் பெண் கேட்பாள், என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று. அழகானவள், ஒளி மிக்கவள் என்ற பதிலோடு அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். லோபாமுத்ரா விஷயத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு முழுக் கதை இருக்கிறது. தகப்பனைக் காப்பாற்றியவள், கட்டியவனோடு காட்டில் இருந்தவள், தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தலைகுனியாமல் கேட்டவள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நீயும் கேட்கக் கூடாது என்று பிற்பாடு பெண்ணிடம் சொல்ல முடியாது. இந்தப் பெயரை வைப்பதற்கு முன் பெற்றோர் யோசிக்க வேண்டிய விஷயம் ஓசை அல்ல, இதுதான்.