கட்ட நேரமில்லாத வேலி

சென்ற மாதம் ஓர் இலக்கிய இதழ், இளமைக்கால ராக் இசையை நினைத்து ஏங்கும் கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தது. ஏங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் போகிற போக்கில் அக்கட்டுரை ஒரு தீர்ப்பையும் எழுதிவிட்டது. 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் ராக் விழாவில் இசை விலைபொருளாக இருக்கவில்லை, சந்தை பின்னால் வந்து அதைக் கெடுத்தது, இன்றைய பிள்ளைகளுக்கு வாய்த்தது சந்தை மட்டுமே என்கிறது. இதைப் படித்துவிட்டு வாளாவிருக்க எங்களால் முடியவில்லை.

வுட்ஸ்டாக்குக்கு மூன்று நாளுக்கும் சேர்த்து 18 டாலர் என்று முன்பதிவுச் சீட்டு விற்றார்கள். ஏறத்தாழ 1,86,000 சீட்டுகள் விற்றன. முதலில் இடம் பார்த்திருந்த வால்கில் ஊரார் ஜூலையில் அனுமதி மறுக்கவே, பெத்தலில் மாக்ஸ் யாஸ்கரின் பால்பண்ணை நிலத்துக்கு எல்லாவற்றையும் அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று. மேடையா வேலியா என்ற நெருக்கடி வந்தபோது மேடைக்கு ஆள் போட்டார்கள். வேலி முடியவில்லை, சீட்டுச் சாவடிகளும் தயாராகவில்லை. வந்தவர்களைத் தடுக்க வழியில்லாமல் போன பிறகுதான் அது இலவச விழா என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பை ஒரு தலைமுறையின் கொள்கை அறிக்கையாக வாசிப்பவர்கள் வரலாற்றை வாசிக்கவில்லை. தி ஹூ குழுவினர் பணம் கைக்கு வந்த பிறகே மேடையேறினார்கள். விழா நடத்தியவர்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நட்டம். 1970இல் வந்த திரைப்படமும் இசைத்தட்டுகளும்தான் அவர்களை மெல்ல மெல்லக் கரையேற்றின.

நம்மில் யாரும் பெத்தலின் சேற்றில் நின்றவர்கள் அல்லர். நாம் பார்த்தது மைக்கேல் வாட்லேயின் அந்தப் படத்தை. கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது திங்கட்கிழமை காலையில். நான்கு லட்சம் என்று சொல்லப்படும் கூட்டத்தில் பெரும்பகுதி அதற்குள் ஊர் திரும்பிவிட்டது. அவரை அன்று கேட்டதுபோல் மனத்தில் சுமந்து திரியும் நம் போன்றோரின் கூட்டம் உலகமெங்கும் திரையரங்க இருட்டில் திரண்டது.

படத்தில் சாந்தனா குழு 'சோல் சாக்ரிஃபைஸ்' வாசிக்கும் பகுதியைப் பற்றிப் பேசாமல் இந்த இடத்தைக் கடக்க மனமில்லை. அவர்களுடைய முதல் இசைத்தட்டு அப்போது கடைக்கே வந்திருக்கவில்லை. டிரம்ஸில் இருந்த மைக்கேல் ஷ்ரீவுக்கு வயது 20. ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், கிட்டத்தட்ட நின்றுவிட்டதோ என்று நாம் பதறும்போது அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டியெழுப்புகிறார். தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் அந்நியமாக எதுவும் இல்லை. அதே மேடையில் முதல் நாளன்று, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் ஒலியின் ஆற்றலைப் பற்றிப் பேசினார். அதை எண்ணி ஒரு காலத்தில் நாங்கள் அடைந்த பெருமிதம் இன்றும் குறையவில்லை.

மறுகோடியில் நின்ற பிராங்க்ஃபர்ட் சிந்தனையாளர் அடோர்னோ இறந்தது 1969 ஆகஸ்ட் 6ஆம் தேதி. வுட்ஸ்டாக் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. வியத்நாம் போரைப் பற்றிய பாடல்களே தாங்கமுடியாதவை என்று தொலைக்காட்சியில் சொன்னவர் அவர். பண்பாட்டுத் தொழில் என்ற அவருடைய ஒரே வாளை வைத்து எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கும் நம் பிராங்க்ஃபர்ட் அன்பர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. வார்னர் பிரதர்ஸ் விநியோகித்த படம் வழியாக வந்து சேர்ந்ததால் ஷ்ரீவின் அந்த நிமிடங்கள் பொய்யாகிவிடாது. எங்கள் சண்டை, வந்த வழியை மறைப்பவர்களோடு.

ஏனென்றால் அதே கோடையில், அதே நியூயார்க் மாநிலத்தில், உண்மையாகவே சீட்டில்லாத விழா ஒன்று நடந்தது. நியூயார்க் நகரில் கறுப்பர்கள் மிகுந்த ஹார்லெமின் மவுண்ட் மோரிஸ் பூங்காவில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். நீனா சிமோன், ஸ்டீவி வொண்டர், மஹாலியா ஜாக்சன், பி. பி. கிங் எல்லோரும் வந்தார்கள். வுட்ஸ்டாக்கிலும் பாடிய ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் இங்கேயும் பாடியது. திரண்டவர்கள் மொத்தம் 3 லட்சம் பேர் அளவில் இருக்கும். பணம் கொடுத்தது மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி நிறுவனம். ஹால் டல்சின் அதை விரிவாக ஒளிப்பதிவு செய்தார். முழுநீளப் படமாக்க யாரும் முன்வரவில்லை. நாடாக்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கிடந்தன. 2017இல் டல்சின் இறந்தார். அந்த நாடாக்களிலிருந்து உருவான 'சம்மர் ஆஃப் சோல்' படம் 2021இல்தான் வந்தது.

வுட்ஸ்டாக்குக்காக ஏங்கிய நம் கட்டுரையாளர்கள் ஹார்லெமுக்காக ஏன் ஏங்கவில்லை? அங்கே இசை குறைவா? அரசியல் குறைவா? கறுப்பர்களின் அந்த விழாவை விநியோகிக்கத்தான் ஆளில்லை. எதற்காக ஏங்க வேண்டும் என்பதையே நமக்குச் சந்தைதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அதன் கையால் வாங்கிய நினைவை வைத்துக்கொண்டு, எங்கள் காலத்தில் சந்தை இல்லை என்று எழுதுவது எப்படி நியாயமாகும்?

திட்டமிட்டே இலவசமாக நடத்தப்பட்ட ராக் விழாவும் உண்டு: கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்டில், 1969 டிசம்பர் 6 அன்று. அங்கே 18 வயது மெரிடித் ஹன்டர் மேடைக்கு அருகிலேயே குத்திக் கொல்லப்பட்டார். 1970இல் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த விழாவில் வேலி இருந்தது. வெளியே நின்றவர்கள் அதைப் பிய்த்தெறிந்தார்கள். பாடகி ஜோனி மிட்சல் கண்ணீர் மல்கக் கூட்டத்திடம் மன்றாட நேர்ந்தது. அடுத்த ஆண்டே, அத்தீவில் பெருங்கூட்டங்கள் இரவில் கூடுவதற்குக் கட்டுப்பாடு விதித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1999இன் வுட்ஸ்டாக்கில் ஜூலை வெயிலில் ஒரு புட்டித் தண்ணீர் 4 டாலருக்கு விற்றது, கடைசி இரவு தீ வைத்தார்கள். அதைச் சந்தையின் சீரழிவு என்று காட்டுகிறார்கள். அதை நடத்தியவர்களுள் ஒருவர், 1969இலும் நடத்திய அதே மைக்கேல் லாங்.

எங்கள் காலத்தில் சந்தை இல்லை என்ற இந்தப் பொய்யால் அடிபடுபவர்கள் இளைஞர்கள். இருபது வயதில் கேட்டதோடு காதை மூடிக்கொண்டவர்கள், இன்று இருபது வயதில் இருப்பவரிடம் 'உனக்குக் கொடுத்துவைக்கவில்லை' என்கிறார்கள். புனைகதை செத்துவிட்டது, விமர்சனம் செத்துவிட்டது, சிற்றிதழ் செத்துவிட்டது என்று ஆண்டுதோறும் இரங்கற்பா பாடுபவர்களும் இவர்களே. புதிதாக எதையும் வாசிக்காமலே இந்த மரணச் செய்திகளை அவர்களால் எழுத முடிகிறது. அவற்றை அச்சிடவும் இதழ்கள் இருக்கின்றன. எங்கள் பக்கங்களில் இனி அவற்றுக்கு இடமில்லை.

வரும் இதழுக்கு முப்பது வயதுக்குள் இருப்பவர்களிடம் கட்டுரை கேட்கிறோம். இந்த ஆண்டு நேரில் போய்க் கேட்ட ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி எழுதுங்கள். சீட்டு என்ன விலை, மேடைக்குப் பணம் யார் கொடுத்தது, எந்த இடத்தில் உடல் சிலிர்த்தது என்று மூன்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பக்க வரையறை இல்லை.