இந்திய அணி புயலில் சிக்கிய பார்படாஸ் தீவு: எந்த மாதம் போகலாம்? 'சீசன்' கணக்கு யாருக்காகப் போட்டது?

2024 ஜூன் 29. பார்படாஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் உள்ள கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி டி20 உலகக் கோப்பையைத் தூக்கியது இந்தியா. அன்றைய ஆட்டத்தில் மழை குறுக்கிடவே இல்லை. ஆனால் முந்தைய நாளே அட்லாண்டிக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, அந்தத் தீவுப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தது.

அதுதான் 'பெரில்'. ஜூன் 30-ம் தேதியே கேட்டகிரி 4 புயலாக மாறிவிட்டது. விமான நிலையம் மூடப்பட்டது. கோப்பையை வென்ற கையோடு ஊர் திரும்ப வேண்டிய வீரர்கள் ஹோட்டல் அறைகளில் அடைபட்டார்கள். கடைசியில் ஏர் இந்தியாவின் தனி விமானம் போய், ஜூலை 4-ம் தேதி காலை டெல்லியில் கொண்டுவந்து இறக்கியது.

அப்போது டிவியில் பார்த்துக்கொண்டிருந்த பலருக்கும் எழுந்த கேள்வி: இப்படிப் புயல் அடிக்கிற நேரத்தில் ஏன் அங்கே போட்டி நடத்தினார்கள்? இன்னொரு கேள்வியும் உண்டு. நாம் போவதாக இருந்தால் எப்போது போவது?

பொதுவாகக் கிடைக்கிற பதில் ஒரே வரிதான்: "டிசம்பர் முதல் ஏப்ரல் வரை." தப்பான பதில் இல்லை. ஆனால் அது நமக்காகச் சொன்ன பதிலும் இல்லை.

குளிருக்குப் பயந்து வருபவர்களின் காலண்டர்

பார்படாஸ் சின்னத் தீவு. பரப்பளவு சுமார் 430 சதுர கி.மீ., மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. வருஷம் முழுக்க வெப்பநிலை ஏறக்குறைய 23-லிருந்து 31 டிகிரி செல்சியஸுக்குள்தான் ஆடும். ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கிழக்கிலிருந்து ஓயாமல் கடற்காற்று வேறு. வெயில் காலம், குளிர் காலம் என்று அங்கே பிரிக்க முடியாது. மழை குறைவான டிசம்பர் - மே, மழை அதிகமான ஜூன் - நவம்பர். அவ்வளவுதான்.

அப்படியானால் 'பீக் சீசன்' மட்டும் ஏன் டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவிலேயே முடிகிறது? மே மாதமும் மழை குறைந்த மாதம்தானே?

காரணம் பார்படாஸில் இல்லை, லண்டனில் இருக்கிறது. இந்தத் தீவுக்கு அதிகமாக வருபவர்களில் பிரிட்டிஷ்காரர்கள் முக்கியமானவர்கள். அமெரிக்கா, கனடாவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் ஊரில் பனி கொட்டும்போது அறை வாடகை ஏறும், அங்கே வசந்தம் வந்ததும் இறங்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போகிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஜனவரியில் நம்ம ஊரே இதமாகத்தான் இருக்கும், அதை விட்டுத் தப்பிக்க யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை வருவதும், வெயில் வாட்டுவதும் ஏப்ரல் கடைசி, மே மாதங்களில்தான். அதே நேரத்தில் பார்படாஸில் ஈஸ்டர் கூட்டம் கலைந்திருக்கும், வாடகை இறங்கியிருக்கும், மழையும் புயலும் இன்னும் தொடங்கியிருக்காது. நம்மைப் பொறுத்தவரை 'பெஸ்ட் சீசன்' இதுதான். சுற்றுலா விளம்பரங்கள் இதை 'இடைப்பட்ட காலம்' என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கின்றன.

மழைக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது என்பதும் உண்மை. இதே கென்சிங்டன் ஓவலில் 2007 ஏப்ரல் 28-ம் தேதி ஒருநாள் உலகக் கோப்பை இறுதிப்போட்டி நடந்தது. மழை குறைந்த காலம் என்று நம்பி வைத்த போட்டி. மழையால் 38 ஓவராகக் குறைந்து, கடைசியில் கும்மிருட்டில் முடிந்தது. மழைக்காலத்தில் நடந்த 2024 ஃபைனலில் ஒரு சொட்டுகூட விழவில்லை!

மே மாதத்தின் மறுபக்கம்

மே மாதம் என்றால் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கும் என நினைக்க வேண்டாம். பல மாதங்கள் மழை குறைந்திருப்பதால் புல் காய்ந்து கிடக்கும். சுண்ணாம்புப் பாறையால் ஆன தீவு என்பதால் பெரிய ஆறுகள் கிடையாது. குடிநீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. சுற்றுலா கூட்டம் உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில்தான் மழையும் குறைவு. வறட்சி அதிகமானால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் கார் கழுவவும் உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். ஹோட்டல் நீச்சல் குளத்தில் குதிக்கும்போது இது நினைவில் இருந்தால் நல்லது.

இன்னொன்று கடற்பாசி. 'சர்காசம்' என்ற பழுப்பு நிறப் பாசி 2011-லிருந்து கரீபியன் கரைகளில் மொத்தம் மொத்தமாக வந்து ஒதுங்குகிறது. வசந்த காலத்தில் தொடங்கி கோடை முழுக்க வரும். கரையில் கிடந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். 2025-ல் அட்லாண்டிக்கில் மிதந்த பாசியின் அளவு முந்தைய எல்லா ஆண்டுகளையும் மிஞ்சியது.

ஆனால் இது எல்லாக் கரையையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. அட்லாண்டிக்கைப் பார்த்திருக்கும் பாத்ஷீபா போன்ற கிழக்குக் கரைப் பகுதிகளும் தென்கிழக்கும்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். ஹோல்டவுன் இருக்கும் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும், அலையும் அங்கே குறைவு. எனவே மாதத்தோடு எந்தக் கரையில் அறை எடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அலைச்சறுக்கு வீரர்கள் கணக்கு இதற்கு நேரெதிர். பாத்ஷீபாவின் பெரிய அலைகளுக்காகவே, மற்றவர்கள் ஒதுக்கும் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் வருகிறார்கள்.

புயல் எப்போது, ஏன்?

அட்லாண்டிக் புயல் சீசன் அதிகாரப்பூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆறு மாதமும் ஒரே ஆபத்து இல்லை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் உச்சம், அதிலும் செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாட்கள் மோசம்.

நாம் 'சைக்ளோன்' என்பதைத்தான் அங்கே 'ஹரிகேன்' என்கிறார்கள். உருவாகிற விதமும் ஒன்றுதான். கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், மேலடுக்கு காற்று அதைக் கலைக்காமல் இருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் காற்றுச் சுழல்கள் வெதுவெதுப்பான அட்லாண்டிக்கைக் கடந்து வரும் வழியில் பலம் பெறுகின்றன. ஜூனில் அந்தப் பாதை பொதுவாகச் சூடேறியிருக்காது. அதனால்தான் 'ஜூன் மாதம் பயமில்லை' என்று உள்ளூர்க்காரர்களே சொல்லிவந்தார்கள்.

பெரில் அந்த நம்பிக்கையை உடைத்தது. 2024 ஜூனில் கடல் செப்டம்பர் மாதம் போலச் சூடாக இருந்தது. பதிவுகள் உள்ள காலத்தில், ஜூன் மாதத்தில் கேட்டகிரி 4 ஆன ஒரே அட்லாண்டிக் புயல் பெரில்தான். ஜூலை தொடக்கத்திலேயே கேட்டகிரி 5-ஐயும் தொட்டது. அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் அந்த நிலையை எட்டிய புயல் 2005-ன் எமிலி, அதுவும் ஜூலை நடுவில்தான். ஆகவே 'ஜூன் பரவாயில்லை' என்ற பழைய அறிவுரையை இனி அப்படியே எடுத்துக்கொள்வது சரியாக இருக்காது.

கரீபியன் தீவுக் கூட்டத்தின் கிழக்குக் கோடியில் தனியாக நிற்பதால் பார்படாஸுக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. பல புயல்கள் இங்கே வரும்போது இன்னும் முழு பலம் பெற்றிருக்காது, இல்லாவிட்டால் ஒதுங்கிப் போய்விடும். 1955-ல் ஜேனட் புயல் தாக்கிய பிறகு 2021-ல் எல்சா வரும்வரை அறுபது ஆண்டுகளுக்கும் மேல் எந்த ஹரிகேனும் தாக்கவில்லை. 'கடவுள் எங்க ஊர்க்காரர்' என்று அங்கே பாதி வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் 1780-ல் பார்படாஸில் தொடங்கிய பெரும்புயல் அந்த வட்டாரத் தீவுகளில் சுமார் 22,000 பேரைக் கொன்றது என்பதும் இதே ஊர் வரலாறு.

பெரிலும் தெற்கே விலகித்தான் போனது. அப்படியும் கடல் கொந்தளித்து மீனவர்களின் படகுகளைப் பெருமளவில் உடைத்துப் போட்டது. பக்கத்தில் கிரெனடா நாட்டின் கரியாகூ தீவு அரை மணி நேரத்தில் தரைமட்டமானதாக அந்நாட்டுப் பிரதமர் டிக்கன் மிட்செல் சொன்னார். ஆப்பிரிக்கப் பக்கம் உருவாகும் சுழல் வந்துசேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சுற்றுலா பயணி அதற்குள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம், கரியாகூ மக்களுக்கு அந்த வழி இருக்கவில்லை.

ஒரு தீவில் அடித்தால் எல்லாமே கேன்சலா?

2025 அக்டோபர் 28-ம் தேதி மெலிசா புயல் கேட்டகிரி 5 வேகத்தில் ஜமைக்காவின் தென்மேற்குக் கரையைக் கடந்தது. அந்த நாடு பார்த்ததிலேயே மிகக் கடுமையான புயல் அது. இப்படிச் செய்தி வந்ததும் 'கரீபியனே போச்சு' என்று பலரும் டிரிப்பை ரத்து செய்வது வழக்கம். ஆனால் ஜமைக்காவுக்கும் பார்படாஸுக்கும் இடையே உள்ள தூரம் சென்னை - டெல்லி தூரத்தைவிட அதிகம்.

கவனிக்க வேண்டிய தேதி இன்னொன்று உண்டு. வீடிழந்தவர்கள் இன்னும் முகாம்களில் இருந்தபோதே, டிசம்பர் 15-க்குள் சுற்றுலாவுக்குத் தயாராவோம் என்று ஜமைக்கா அரசு இலக்கு வைத்தது. பீக் சீசன் தொடங்கும் நாள் அது. தவறவிட்டால் ஹோட்டல் ஊழியர், டாக்ஸி ஓட்டுநர், கடற்கரையில் இளநீர் விற்பவர் என எல்லோருக்கும் வருஷ வருமானமே அடிவாங்கும்.

பார்படாஸில் செப்டம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று பார்த்தாலே இது புரியும். ஆளில்லாததால் சில ஹோட்டல்களும் உணவகங்களும் பராமரிப்பு என்று மூடிவிடுகின்றன. வாடகை மலிவு என்று போகிறவர்கள், பாதிக் கடைகள் பூட்டிக்கிடக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஜூலை, ஆகஸ்டில் போக ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கரும்பு அறுவடை முடிவைக் கொண்டாடும் 'கிராப் ஓவர்' திருவிழா ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை பெரிய ஊர்வலத்தோடு நிறைவடையும். அதற்காகப் போகிறவர்கள் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட், அறைகளையே எடுக்க வேண்டும். பயணக் காப்பீட்டை முன்பதிவு செய்த அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் பாலிசி பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. மியாமியில் உள்ள அமெரிக்கத் தேசிய ஹரிகேன் மையம் அடுத்த ஏழு நாட்களுக்கான கணிப்பைத் தினமும் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

விசா விஷயத்தில் மட்டும் பலர் ஏமாறுகிறார்கள். பார்படாஸுக்கு இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலா போக முன்கூட்டியே விசா வாங்கத் தேவையில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நியூயார்க், மியாமி வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா கட்டாயம். லண்டன் அல்லது டொராண்டோ வழி என்றால் டிரான்சிட் விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். மே மாதப் பயணத்துக்கு இந்த வேலையை முந்தைய ஆண்டே தொடங்கிவிடுவது நல்லது.