உறை மாறினால் எழுத்து மாறுமா?

கரைத்தீவு என்றதும் கற்றோர் பலரின் நினைவுக்கு வருவது, விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டிலே பிறந்த கீழைக்கரைக் காரைதீவேயாகும். புத்தளம் மாவட்டக் கடலோரத்திலும் ஒரு கரைத்தீவு உண்டு. அதனைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. அச்சிலவும் அழியுமாயின் அவ்வூர் ஏட்டில் இடமின்றிப் போகும்.

மாணவப் பருவத்திலே அவ்வூர்க் கடற்றொழிலாளர் வழங்கும் சொற்களைத் தொகுத்து, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருந்தேன். அண்மையில் லினக்ஸ் இயங்குதளத்தில் அக்கோப்பைத் திறந்தபோது தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கில எழுத்துகளே சிதறிக் கிடந்தன. "பாமினியை நிறுவி, பீ.டி.எஃப். ஆக்கி வைத்துவிடுங்கள், போதும்" என்றார் நண்பரொருவர். கற்றோரிடையேயும் பரவலாக உள்ள இக்கருத்து முற்றிலும் தவறானது.

பாமினியிலே "தமிழ்" என்னும் சொல் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே அது சேமிக்கப்படுகின்றது. அவற்றின்மீது தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுவதே எழுத்துருவின் வேலை. லிப்ரே ஒபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், நூற்றுக்கணக்கான வேட் கோப்புகளை ஒரே கட்டளையால் திறந்த ஆவண வடிவத்துக்கு மாற்றித் தரும். அவ்வடிவம் 2006இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. எனினும் மாறியது உறையே. உள்ளிருப்பவை பழைய ஆங்கில எழுத்துகளே. பீ.டி.எஃப். கோப்பிலோ கண்ணுக்குத் தமிழ் தோன்றும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. சொற்களை அகரவரிசைப்படுத்தவும் இயலாது. இது பாதுகாப்பன்று, உடலைப் பாடம் செய்து வைப்பதற்கு ஒப்பானது.

ஆகவே முதலில் மாற்றவேண்டியது குறிமுறை, உறை பின்னரே. இவ்வரிசை பிறழ்ந்தால் விளையும் கேடு பெரிது. பழைய கோப்பிலே ஆங்கிலமும் தமிழும் விரவி வருமிடத்து, எது எதுவெனக் காட்டுவது கோப்பினுள் பதிந்துள்ள எழுத்துருப் பெயர் ஒன்றேயாம். அவசரப்பட்டு வெற்றுரையாக்குவோர் அப்பெயரை இழக்கின்றனர்; பின்னர் குறிமுறையை மாற்றும்போது மெய்யான ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். மேலும், பாமினி ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன்னே வைத்துச் சேமிக்க, ஒருங்குறி பின்னே வைக்கின்றது. இந்நுட்பத்தைச் சரிபார்க்கத் தமிழறிவு வேண்டும்; மாற்றும் நிரலின் உள்ளமைப்பும் கண்முன் இருத்தல் வேண்டும். கட்டற்ற மென்பொருளை யாம் வேண்டுவது விலை கருதியன்று. பிழை கண்டவிடத்துத் திருத்தும் உரிமை கருதியே.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார் உளர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கி குறிமுறையில் வெளியிட்ட மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. அது தன்னார்வலர் உழைப்பினால் நடைபெற்ற பணி. அவர்களுக்கு இருந்த நேரம் பல்கலைக்கழகத்தாருக்கு இல்லையா?

ஓலைச்சுவடிகளைச் செல்லரிக்க விட்டமைக்காக முன்னோரைக் குறைகூற நாம் தயங்குவதில்லை. நம் கணினிகளிலே உறங்கும் பாமினிக் கோப்புகளுக்குச் செல் தேவையில்லை; நமது அலட்சியமே போதும். தமிழ்ச் சங்கங்கள் உறுப்பினரிடமுள்ள ஆய்வேடுகளையும் ஊர்க் குறிப்புகளையும் இவ்வாண்டே திரட்டுக. மூலக் கோப்புகளை அழியாது பேணுக. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, திறந்த வடிவிலே சேமிக்குக. பேரூர்களின் வரலாற்றைப் பலர் காப்பர். கரைத்தீவின் சொற்களைக் காப்பதற்கு அவற்றைத் தட்டச்சிட்டவனையன்றி வேறெவர் உளர்?