கூப்பிடலாம், காட்டலாமா?

அமெரிக்காவில் வசந்த காலத்துக் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர் பெரும்பாலான நாட்களில் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். அந்த வெறுங்கைதான் பறவையைக் காக்கிறது என்பது இந்த வாரம் நான் வைக்கும் வாதம். அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் வசந்த காலத்தில் சில வாரங்கள் இந்த சீசன் நடக்கிறது. எத்தனை நாள் நடக்கலாம், ஒருவர் எத்தனை சேவல் சுடலாம் என்பதை மாநில வனவிலங்குத் துறைகள் முடிவு செய்கின்றன. அந்த முடிவுக்குள் எழுதப்படாத கணக்கு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பார்கள் என்ற கணக்கு அது. தோல்வியைக் குறைக்கும் கருவி எது வந்தாலும் இந்தக் கணக்கு இடறுகிறது. சேவலை ஏமாற்றி இழுக்க வைக்கும் பொம்மைக் கோழி அப்படிப்பட்ட கருவி. அதை அனுமதிப்பதா, கட்டுப்படுத்துவதா என்று தென் மாநிலங்களில் சில ஆண்டுகளாக வாக்குவாதம் நடக்கிறது. கட்டுப்படுத்து என்பவர்கள் பக்கம்தான் நான். ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் வேட்டை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். தாங்ஸ்கிவிங் விருந்துக்கு வரும் பண்ணை வான்கோழி, சதைக்காகவே வளர்க்கப்பட்டுப் பறக்க முடியாமல் போன உடம்பு. காட்டு வான்கோழி வேறு பிறவி. வேகமாக ஓடும், பறக்கும், இரவில் மரத்தின் மேல் அடையும். விடியும் முன்பே சேவல் கிளையிலிருந்து கூவத் தொடங்கிவிடும். இயற்கையின் ஏற்பாட்டில் அந்தக் கூவலைக் கேட்டுப் பேடைதான் சேவலைத் தேடிப் போகவேண்டும். வேட்டைக்காரர் இதைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். இலை நிறத்து உடை போர்த்தி, மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, பேடையின் குரலில் "நீ இங்கே வா" என்கிறார். சேவலுக்கு மோப்பம் இல்லையென்றே சொல்லலாம். அதற்குப் பதிலாகக் கண்ணும் காதும் அபாரம். குரல் வந்த இடத்தைக் காதாலேயே துல்லியமாகக் குறித்துக்கொள்ளும். பாதி வழி வந்து, பேடை தெரியவேண்டிய இடத்தில் பேடை தெரியாவிட்டால் நின்றுவிடும். அறுபது எழுபது கஜத்தில் தோகையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கும்; சந்தேகம் தட்டினால் வந்த வழியே போய்விடும். வழக்கமான ரவைத் துப்பாக்கி நம்பகமாக எட்டும் தூரம் நாற்பது கஜம். இடையில் உள்ள அந்த இருபது முப்பது கஜத்தில்தான் சேவலின் உயிர் இருக்கிறது.

அழைப்புக் கருவிகள் எதுவும் இந்த இடைவெளியை முழுசாக மூடுவதில்லை. ஆர்கன்சாவைச் சேர்ந்த கிப்சன் 1897-ல் காப்புரிமை பெற்ற மரப்பெட்டிக் கருவி, பலகைக்கல்லின் மேல் குச்சியைத் தேய்க்கும் கருவி, அண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் ரப்பர் சவ்வு, பூர்வகுடிகள் காலத்திலிருந்து வரும் இறக்கை எலும்புக் குழல் என எல்லாவற்றுக்கும் கைப்பழக்கம் வேண்டும். எந்த நேரத்தில் குரல் கொடுப்பது என்பதைவிட எந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது என்பது கடினமான பாடம். பதிவுசெய்த குரலை ஒலிக்கும் மின்னணுக் கருவி பெரும்பாலான மாநிலங்களில் தடை. அதற்குத் தப்புத் தாளம் வராது என்பதே தடைக்குப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன். பென்சில்வேனியா இன்னும் ஒரு படி போய், வசந்த காலத்தில் சேவலைக் குரல் கொடுத்து மட்டுமே வேட்டையாடலாம், பதுங்கிப் பின்தொடரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. வேட்டையைக் கடினமாக வைத்திருப்பது சட்டத்தின் வேலைகளில் ஒன்று என்று அந்த மாநிலம் ஒப்புக்கொண்டுவிட்டது.

இந்தக் கட்டுப்பாடுகள் வந்த கதை சிறியதல்ல. காடு அழிந்ததும் வரம்பில்லாத வேட்டையும் சேர்ந்து வான்கோழியைத் துடைத்துப்போட்டன. மாசசூசெட்சில் கடைசிக் காட்டு வான்கோழி 1851-ல் போனது. 1930-களில் நாடு முழுவதற்கும் தாராளமாகச் சொல்லப்படும் கணக்கே 2 லட்சம்தான். பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பயம் தெரியாமல் வளர்ந்த பறவைகள் நரிக்கும் ஆந்தைக்கும் இரையாகிப் போயின. 1951-ல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் டஃப் ஹால்புரூக் என்ற உயிரியலாளர் பீரங்கி வலையைப் பயன்படுத்திப் பார்த்தார். தானியம் தூவிக் காட்டுப் பறவைகளைக் கூட்டமாக வரவழைத்து, அவற்றின் மேல் வலையை வெடித்துப் பாய்ச்சும் முறை அது. அப்படிப் பிடித்த உண்மையான காட்டுப் பறவைகளைப் புதிய இடங்களில் விட்டபோதுதான் இனம் பெருகியது. இதற்கான பணத்தில் பெரும்பங்கு 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் கீழ், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரியிலிருந்து வந்தது. தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கிய 1973-ல் சுமார் 13 லட்சமாக இருந்த எண்ணிக்கை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 60 லட்சத்தைத் தாண்டியது. வேட்டையே கூடாது என்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டுப் பேசவேண்டும். இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. இரை தூவி வலைவீசுவது போன்ற தப்பவே முடியாத முறையைக் காப்பாற்றுவதற்குப் பயன்படுத்தினார்கள். கொல்வதற்கு மட்டும் அரைகுறையான முறையை விட்டுவைத்தார்கள்.

அந்த அரைகுறை முறை ஏன் வசந்தத்தில்? ஒரு சேவல் பல பேடைகளோடு சேரும் என்பதால், சில சேவல்கள் போனாலும் முட்டைக்குக் குறை வராது என்பது அடிப்படை நியாயம். பேடைகள் அடைகாக்கத் தொடங்கும் காலத்தை ஒட்டி சீசனை வைத்தால் தவறிப்போய்ப் பேடையைச் சுடுவதும் குறையும். மிசூரியில் நவீன வசந்த சீசன் 1960-ல் மூன்று நாள் நடந்தது; விழுந்தவை 94 பறவைகள். 2004-ல் அதே மாநிலத்தில் 60 ஆயிரத்துக்கு மேல். அதன் பிறகு இறக்கம். 2021-ல் ஏறக்குறைய 35 ஆயிரம். தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும் இதே சரிவு. ஜார்ஜியா 2022-ல் ஒருவருக்கு மூன்று என்பதை இரண்டாக்கி, சீசனையும் தள்ளி வைத்தது. டென்னசி 2023-ல் இரண்டு வாரம் தள்ளி, வரம்பையும் இரண்டாகக் குறைத்தது. அலபாமா 2022-ல் ஐந்தை நான்காக்கியது. கூடவே சீசனின் முதல் பத்து நாட்களுக்குப் பொம்மைக் கோழி கூடாது என்றது. வரம்பைக் குறைப்பதும் நாளைத் தள்ளுவதும் பழைய வைத்தியம். கருவியைத் தொட்டது அலபாமா.

பொம்மை என்ன செய்கிறது? பேடைப் பொம்மை, சேவல் தேடிவந்த சாட்சியைக் கண்ணெதிரே நிறுத்துகிறது. பாதி வழியில் நின்று யோசிக்கவேண்டிய சேவல் யோசிக்காமல் வருகிறது. பக்கத்தில் ஓராண்டு இளஞ்சேவலின் பொம்மையையும் வைத்தால், பேடையருகே சின்னப் பயல் நிற்பதைப் பொறுக்காமல் ஓடிவருகிறது. தோகை விரித்த முழுச் சேவல் பொம்மையின் விளைவு இன்னும் விசித்திரம். அடங்கிய சேவல்கள் அதைக் கண்டு ஒதுங்கிப் போகும்; ஆதிக்கச் சேவல் சண்டைக்கு வரும். கூட்டத்தின் தலைவனை அந்தப் பொம்மை பொறுக்கி எடுத்துத் தருகிறது. இதன் உச்சம் விசிறி வேட்டை. வேட்டைக்காரரே விரித்த வால்தோகைக்குப் பின்னால் ஒளிந்து, திறந்த வெளியில் தவழ்ந்து சேவலை நோக்கிப் போகிறார். கோபத்தில் அது அவர் மேல் பாயவருகிறது. இங்கே குரலும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். புதரோரம் வால்தோகை அசைவதைத் தூரத்திலிருந்து பார்க்கும் இன்னொரு வேட்டைக்காரரின் விரல் எங்கே இருக்கும் என்பதையும் யோசிக்கவேண்டும். சேவலின் தலைநிறம் என்பதால் சிவப்பும் வெள்ளையும் நீலமும் உடுத்தாதே என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டில், சேவலின் வாலையே பிடித்துக்கொண்டு தவழ்வது பைத்தியக்காரத்தனம். டென்னசி இதைத் தன் பொது வேட்டைக் காடுகளில் தடைசெய்திருப்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

குரலும் ஏமாற்றுதானே, பொம்மையை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறாய் என்பது முதல் மறுப்பு. ஏமாற்று பாவம் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளாமரத்தில், பிற மான்களை இழுப்பதற்கான பார்வை மான் கட்டிக்கிடக்கிறது. இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிப்பது மனிதன் வேட்டைக்காரனாக இருந்த இடமெல்லாம் உள்ள உத்தி. என் அளவுகோல் வேறு. ஏமாற்றைச் சோதித்துப் பார்க்கப் பறவைக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி. குரல் காதை ஏமாற்றுகிறது, கண் மிச்சமிருக்கிறது. பொம்மை அந்தக் கண்ணையும் வாங்கிக்கொள்கிறது. மோப்பம் ஏற்கெனவே இல்லை. பிறகு அதனிடம் என்ன இருக்கிறது? அமெரிக்கச் சட்டத்துக்கு இந்த யோசனை புதிதுமல்ல. உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்துக் காட்டு வாத்துகளை இறக்கும் வழக்கத்தை அந்த நாட்டு மத்திய அரசு 1935-ல் நிறுத்தியது. வாத்துகள் சரிந்துகொண்டிருந்த வறட்சிக் காலம் அது. பொம்மை வாத்தை விட்டுவைத்தார்கள்; உயிர்வாத்தை மட்டும் எடுத்தார்கள். கருவிகளில் எது அளவுக்கு மீறியது என்று பார்த்துக் கோடு போட முடியும் என்பதற்கு அதுவே முன்னுதாரணம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அறிவியல் ஆதாரம் எங்கே என்கிறார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் போன்றவர்கள், ஆதிக்கச் சேவல்களைச் சேர்க்கை முடியும் முன்பே சுட்டுவிட்டால் கூட்டத்தின் இனப்பெருக்க ஒழுங்கு குலையலாம் என்கிறார்கள். தென் கரோலினாவில் வேட்டை நடக்கும் காட்டிலும், வேட்டை இல்லாத சவன்னா ஆற்று அணுத்தளக் காட்டிலும் ஒலிப்பதிவுக் கருவி வைத்து ஒப்பிட்டபோது, வேட்டை தொடங்கியதும் வேட்டைக்காட்டில் சேவல்களின் கூவல் குறைந்தது. ஆனால் டென்னசி பல்கலைக்கழகத்தார் சில கவுண்டிகளில் சீசனை இரண்டு வாரம் தள்ளிவைத்துப் பார்த்த ஆய்வு, அதனால் கூடு தப்புவதிலோ குஞ்சு பிழைப்பதிலோ முன்னேற்றம் எதையும் காணவில்லை. இந்த முடிவை மறைத்துவிட்டுப் பொம்மைத் தடைக்கு வாதாடுவது நேர்மையல்ல. ஆதிக்கச் சேவல் போனால் முட்டை குறையும் என்ற வாதத்தை நான் எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். சரிவின் வேர் கூட்டிலும் குஞ்சிலும் இருக்கிறது: ரக்கூன், ஸ்கங்க், பாம்பு தின்னும் முட்டைகள், பூச்சி கிடைக்கும் புல்வெளி இல்லாமல் சாகும் குஞ்சுகள். தடையால் ஒரு குஞ்சுகூட அதிகம் பிழைக்காது.

ஆனால் அந்த டென்னசி ஆய்வு சீசன் எப்போது தொடங்கவேண்டும் என்பதைப் பற்றியது. எத்தனை சேவல் சாகலாம் என்பதைப் பற்றியது அல்ல. குஞ்சு குறைவாகப் பிழைக்கும் ஆண்டுகளில், இரண்டு வருடம் கழித்துக் கூவவேண்டிய சேவலும் குறைவாகவே இருக்கும். வரவு குறைந்தால் செலவைக் குறைத்தாகவேண்டும். அதற்கு மாநிலத்தின் கையில் இருப்பவை மூன்றே: நாட்கள், தலைக்கு இத்தனை என்ற வரம்பு, கருவி. வரம்பைக் குறைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சீசன் முழுக்கப் போய் ஒன்றுகூடச் சுடாதவருக்கு வரம்பு ஐந்தானாலும் இரண்டானாலும் ஒன்றுதான். நாட்களைக் குறைத்தால் விடுமுறையில் மட்டும் போகமுடிந்தவர் முதலில் அடிபடுவார். கருவியைக் குறைத்தால் எல்லோரும் காட்டுக்குப் போகலாம், கூவல் கேட்கலாம், பேசிப் பார்க்கலாம். சாகும் பறவை மட்டும் குறையும். டங்ஸ்டன் ரவை வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் அவசரம். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியான அந்த ரவை, நாற்பது கஜத்தை அறுபதாக நீட்டிவிட்டது. ஒரு பக்கம் துப்பாக்கி சேவலை நோக்கி நீள, மறுபக்கம் பொம்மை சேவலைத் துப்பாக்கியை நோக்கி இழுக்கிறது. நான் முன்பு சொன்ன இடைவெளி இரண்டு முனையிலும் தின்னப்படுகிறது. புதிய கருவி ஒவ்வொன்றையும் வரவேற்றுவிட்டுப் பிறகு சீசன் குறுகிவிட்டதே என்று புலம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது எழுதிக்காட்டவேண்டும்.

கடைசி மறுப்பு பிள்ளைகளையும் புதியவர்களையும் பற்றியது. அசையாமல் உட்காரத் தெரியாத பத்து வயதுக்காரருக்கும், வில்லை இழுக்கும் அசைவை மறைக்கவேண்டியவருக்கும், உடல் ஊனத்தால் இடம் மாற முடியாதவருக்கும் சேவலின் பார்வையைத் திருப்பும் பொம்மை உதவும். இது நியாயம். பல மாநிலங்களில் இளையோருக்குத் தனி நாட்களே இருக்கின்றன. அந்த நாட்களிலும், ஊனமுற்றோருக்கான அனுமதியிலும் பொம்மையை விட்டுவைக்கலாம். வில்லாளிக்கும் பேடைப் பொம்மை ஒன்று போதும். ஆனால் இவர்களுக்கான சலுகையைக் காட்டி, கைகால் திடமாக உள்ளவர் தோகை விரித்த முழுச் சேவல் பொம்மையோடு தொடக்க நாளில் பொதுக் காட்டுக்குள் போவதற்கு வழக்காடுவது சரியில்லை. அவருக்குக் குரல் கொடுக்கத் தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளட்டும். மரப்பெட்டி ஒன்றின் விலை, பொம்மையின் விலையைவிடக் குறைவுதான்.

என் முடிவு இதுதான். விசிறி வேட்டையைப் பொது நிலங்களில் எல்லா மாநிலங்களும் நிறுத்தவேண்டும். ஆண் பொம்மைகளைச் சரிவு கண்ட மாநிலங்கள் சீசன் முழுவதும் விலக்கவேண்டும். பேடைப் பொம்மைக்கு அலபாமாவின் பத்து நாள் தடை போதும். இதற்கு ஈடாக, இப்போது குறுக்கிய நாட்களில் சிலவற்றைத் துறைகள் வேட்டைக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.