கடைசிச் சரணத்தில் இருக்கும் பெயர்

மார்கழி பிறந்துவிட்டால் சேவுகம்பட்டியில் விடியலுக்கு ஒரு பாட்டு, இரவுக்கு ஒரு பாட்டு. விடியலில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. டிசம்பர் பாதியைத் தாண்டினால் வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கமெல்லாம் இரவில் கேரல் குழுக்கள் கிளம்பிவிடும். மினி வேனில் கீபோர்டும் ஸ்பீக்கரும், பின்னால் நடந்து வரும் பிள்ளைகள் கையில் நான்காக மடித்த ஜெராக்ஸ் தாள்.

திருப்பாவை யார் பாடியது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையே ஆண்டாள் என்று சொல்லிவிடும். முப்பதாம் பாசுரத்தில் கோதை தன் பெயரையும் ஊரையும் சொல்லித்தான் முடிக்கிறாள். அந்த ஜெராக்ஸ் தாளிலோ பாட்டு எண் இருக்கும், எந்த ஸ்கேல் என்று பேனாவால் குறித்திருக்கும். எழுதியவர் பெயர் மட்டும் இருக்காது.

தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்கள் பெயரை மறைத்தவர்கள் அல்லர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு படித்தவர். திருவையாற்றுத் தியாகராஜரின் காலத்தவர். தியாகராஜரைப் போலவே இவரும் தம் பாடல்களில் தம் பெயரை முத்திரையாக வைத்தார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் குறி சொல்லும் சிங்கி விசுவாசத்தின் உருவம்; பறவை பிடிக்க வலை விரிக்கும் சிங்கன், உபதேசியார். குற்றாலத்துக் குறவஞ்சியைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, கிறிஸ்து பிறந்த ஊரை அதே சந்தத்தில் கொண்டுவந்து சேர்த்த துணிச்சல் அது.

முத்திரை பெரும்பாலும் கடைசிச் சரணத்தில் வரும். கேரல் குழுவுக்கோ ஒரே இரவில் ஐம்பது வீடு ஏற வேண்டும். பல்லவி, இரண்டு சரணம், கேக், அடுத்த வீடு. வெட்டுப்படுவது கடைசிச் சரணம். அதோடு கவிஞரின் பெயரும் போய்விடுகிறது.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பாடும் ‘சைலண்ட் நைட்’ சாட்சி. ஜோசப் மோர் என்ற பாதிரியார் 1816-இல் எழுதிய கவிதை அது. 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் தேவாலயத்துக்காகப் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர் மெட்டமைத்தார். பாட்டு ஊர் ஊராகப் பரவியது, பெயர்கள் பரவவில்லை. ஹைடன் போன்ற பெரிய இசைமேதைகள் போட்ட மெட்டு என்றே பலர் நம்பினார்கள். மோர் இறந்து ஆறு ஆண்டு கழித்து, 1854-இல், குரூபர் நடந்ததை எழுதி வைக்க வேண்டியதாயிற்று. மோர் கைப்பட எழுதிய பிரதி 1995-இல் கிடைத்த பிறகுதான் சந்தேகம் முழுதாகத் தீர்ந்தது.

‘பக்தரே வாரும்’ பாட்டுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. அதன் லத்தீன் மூலம் 18-ஆம் நூற்றாண்டில் ஜான் பிரான்சிஸ் வேட் எழுதிவைத்த பிரதிகள் வழியாக நமக்கு வந்தது. தமிழில் அதைப் பாடும்போது கண் கலங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தமிழை ஆக்கியவர் யார் என்று எந்தப் பாடகர் குழுவிலாவது கேட்டுப் பாருங்கள்.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்தப் பாட்டு மரபில் தனி உரிமையே இருக்கிறது. ‘கருணாமிர்த சாகரம்’ (1917) என்ற இசை நூலைத் தந்த ஆபிரகாம் பண்டிதர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, இங்கேயே ஆசிரியராக இருந்தவர். இசையும் இங்கேதான், சடையாண்டி பத்தரிடம் கற்றார். கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றினார். திண்டுக்கல்லின் பெருமை என்று பூட்டையும் பிரியாணியையும் சொல்லும் வாய் இவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

கேரல் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு தாள் அச்சடிக்கும்போது ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்குக் கீழேயும் எழுதியவர் பெயரைச் சேருங்கள். கீர்த்தனை என்றால் கடைசிச் சரணத்தையும் பாடிவிட்டே அடுத்த வீட்டுக்குப் போங்கள்.