புதிய எழுதுவினைஞர் வருமுன்

எமது சமூக சேவை நிலையங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகின்றது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை அலுவலகக் கணனியில் அமர்த்திக் கொண்டால் கடிதம் எழுதுதல், கூட்டக் குறிப்புகளைத் தொகுத்தல், சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குதல், உதவி வழங்குவோருக்கு அறிக்கை தயாரித்தல் ஆகிய வேலைகள் விரைவாக முடியும் என்பதே அப்பேச்சு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இத்தகைய கருவிகள் பல வந்துவிட்டன. உத்தியோகத்தர் சிலர் தமது கைத்தொலைபேசியில் ஏற்கனவே இவற்றைப் பாவித்து வருகின்றனர் என்பதும் இரகசியமன்று.

இது அலுவலகத்தார் விடயம், வயலையும் வளவையும் விட்டு வந்திருக்கும் எமக்கு இதில் என்ன இருக்கின்றது என வாசகர் கேட்கலாம். அந்த அலுவலக அலுமாரியில் இருப்பவை யாருடைய கோப்புகள்? உறுதி எரிந்து போனதாக நாம் முடித்துக் கொடுத்த சத்தியக் கடதாசி, 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது கையிலிருந்த குடும்ப அட்டையின் பிரதி, 2009இன் பின்னர் முகாமில் எடுத்த பதிவு, காணாமற் போன பிள்ளையைப் பற்றிய முறைப்பாடு, வயலின் பழைய வரைபடம். இவற்றைக் கையாளப் புதிதாக ஒருவர் வருகின்றார் என்றால், அவர் எப்படிப்பட்டவர், தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

நான் இக்கருவிக்கு எதிரானவன் அல்லன். தமிழும் அரச கரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறினாலும், திணைக்களங்களிலிருந்து சிங்களத்தில் கடிதம் வருவது நின்றபாடில்லை. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி எம்மவர் நாட்கணக்கில் அலைகின்றனர். அலுவலகத்தில் ஒரே ஓர் எழுதுவினைஞர்; அவர் முன்னால் நாற்பது பேர். இந்த நிலையில் ஓர் உதவிக் கை வேண்டாம் என்று சொல்வது, மாலைக்குள் வீடு திரும்ப வேண்டிய தாய்மாருக்குச் செய்யும் நன்மையாகாது.

ஆயினும் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடத்தையும் ஆளையும் விட்டுவிடுகின்றேன். காணி தொடர்பான விசாரணைக்கு வருமாறு ஒரு பெண்மணிக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தது. அலுவலகத்தில் இருந்த தம்பி அதைத் தொலைபேசியில் படமெடுத்து, கருவியிடம் கொடுத்துத் தமிழாக்கினார். நல்ல தமிழ், பிழை தெரியவில்லை. ‘உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் கொண்டு வரவும்’ என்றிருந்தது. அந்தப் பெண்மணியிடம் அனுமதிப்பத்திரம் மட்டுமே இருந்தது. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவரிடம் உறுதி எப்படி இருக்கும்? இல்லாத உறுதியைத் தேடி அவர் இரண்டு ஊர்களுக்குப் பஸ் ஏறினார், விசாரணைத் திகதியும் கடந்து போயிற்று. பின்னர் சிங்களம் அறிந்த ஓர் ஆசிரியர் பார்த்தபோது, மூலத்தில் இருந்தது ‘அல்லது’. அந்தத் தம்பியை நான் குறை கூறமாட்டேன். மொழிபெயர்ப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கை அந்த அலுவலகத்தில் எவரும் ஏற்படுத்தியிருக்கவில்லை.

இக்கருவி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்து கொள்வது நல்லது. உலகிலுள்ள பெருந்தொகையான எழுத்துக்களைப் படிப்பித்து, ஒரு சொல்லின் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிடும்படி அதனைப் பழக்கியிருக்கின்றார்கள். அதனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே சரளத்துடன் சொல்லும். படித்தவற்றில் ஆங்கிலமே மிகுதி, தமிழ் மிகக் குறைவு. வன்னியில் நாம் பேசும் தமிழோ அதனிலும் குறைவு. எமது உறுதிகளில் ‘பரப்பு’ என்று எழுதியிருக்கும். வரகு விதைப்புக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைப்புக் கணக்கில் பரப்பின் அளவு வேறு. முதியவர்கள் கேட்டவுடன் ‘எந்தப் பரப்பு?’ என்பார்கள். கருவி அப்படிக் கேட்காமலே ஓர் எண்ணை எழுதிவிடக்கூடும்.

பெயர் விடயம் இன்னும் சிக்கலானது. எம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, முகாம் பதிவில் சிங்கள உத்தியோகத்தர் காதால் கேட்டு எழுதிய மூன்றாவது எழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு கடதாசியில் முன்னால், மற்றொன்றில் காணவே காணோம். இந்த மூவரும் ஒருவரே என்பது எழுதுவினைஞருக்குத் தெரியும், ஏனெனில் அவருக்கு ஆளைத் தெரியும். பெயர்ப்பட்டியலை ஒழுங்கு செய்து தா என்று கருவியிடம் கொடுத்தால், ஒருவரை மூவராக்கவும் கூடும், மூவரை ஒருவராக்கவும் கூடும். நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபடுவது என்னவென்று இதனை வாசிப்போருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

திகதியும் கவனிக்க வேண்டியது. 2025 மார்ச் 28இல் வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானி, வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வர வேண்டும் என்றது. எவ்வளவு பதற்றம் அடைந்தோம்! யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மார்ச் மாதத்துச் செய்தியை மட்டும் அறிந்து யூன் மாதத்துச் செய்தியை அறியாத கருவியிடம் ஒருவர் கேட்டால், அது மார்ச் மாதப் பதிலையே உறுதியாகச் சொல்லும். எனவே காணி, இழப்பீடு, வழக்கு ஆகிய மூன்றிலும் கருவியின் பதிலை எவருக்கும் நேரடியாகக் கையளிக்கக் கூடாது என்பது என் கருத்து.

படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கின்றார்கள். 2023 யூன் மாதத்தில் நியூயோர்க்கில் இரு சட்டத்தரணிகள், கருவி கற்பனை செய்து கொடுத்த வழக்குத் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்தமைக்காக 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டனர். யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கனடாவிலிருந்து ஒரு பதில் உண்டு. தன் பேர்த்தியாரின் மரணச் சடங்கிற்குப் போகவிருந்த ஒரு பயணியிடம், எயார் கனடா நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்த உரையாடற் கருவி, கட்டணச் சலுகைக்குப் பின்னரும் விண்ணப்பிக்கலாம் என்று தவறாகச் சொன்னது. சலுகை மறுக்கப்பட்டது. கருவி சொன்னதற்குத் தாம் பொறுப்பல்லர் என்ற நிறுவனத்தின் வாதத்தை 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் ஏற்க மறுத்து, பணத்தைக் கொடுக்கும்படி பணித்தது. எமது நிலையங்களும் இவ்வாறே நடக்க வேண்டும். ‘கணனி அப்படிச் சொன்னது’ என்ற பதிலைக் கச்சேரியில் கேட்டு அலுத்துப் போனவர்கள் நாம். கோவில் வளவுக்குள்ளும் அதைக் கேட்க வேண்டுமா?

இனி, கோப்புகளின் இரகசியம். கருவி எமது மேசையிற் இருப்பது போலத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றில் நாம் தட்டச்சு செய்வது கடல் கடந்து ஏதோ ஒரு கம்பனியின் கணனிக்குப் போய்த்தான் பதில் வருகின்றது. 2023இல் சாம்சுங் கம்பனியே, தன் ஊழியர்கள் உள்வீட்டுத் தகவல்களை இப்படி அனுப்பிவிட்டதை அறிந்து பாவனையைத் தடை செய்தது. அவர்களுக்குப் போனது வியாபார இரகசியம். எம்மிடமிருந்து போகக்கூடியது, யாருடைய பிள்ளை எப்போது யாரால் கொண்டு செல்லப்பட்டது என்ற வாக்குமூலம். பட்டியல்கள் தவறான கைக்குப் போனால் என்ன நேரும் என்பதை அறிந்த தலைமுறை எமது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர், இனத்துவம், உடல்நலம் பற்றிய விபரங்களை விசேட கவனத்துக்குரியவையாக வகுத்துள்ளது. சட்டம் எப்படி இருப்பினும், எந்தக் கோப்புகள் ஒருபோதும் கருவிக்குக் காட்டப்படா என்ற பட்டியலை நிலையம் முதலில் எழுத வேண்டும். காணாமற் போனோர் கோப்பு, பெண்களின் முறைப்பாடுகள், வைத்தியக் கடதாசிகள், அடையாள அட்டை இலக்கங்கள் அதில் முதலிடம் பெறட்டும். வேலைக்கென வாங்கும் கணக்கும், தம்பிமார் தொலைபேசியில் இலவசமாகப் பாவிக்கும் கணக்கும் ஒன்றல்ல. இலவசக் கணக்கில் எமது கடதாசி எதுவும் ஏறக் கூடாது.

ஆயத்தமின்றி வந்தவற்றின் பயனை நாம் அனுபவித்தவர்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. சேதனப் பசளை நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் போதியளவு செய்ய ஆளும் காலமும் இருக்கவில்லை. நவம்பரில் தடையை விலக்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. 2023இல் அஸ்வெசும வந்தது. 22 அளவுகோல்களுக்குப் புள்ளியிட்டுக் குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. அது செயற்கை நுண்ணறிவு அன்று, வெறும் புள்ளிக் கணக்கே. ஆயினும் தன் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்ட விதவைத் தாய்க்கு விளக்கிச் சொல்ல முன்னால் இருந்த உத்தியோகத்தரால் முடியவில்லை.

எனவே கருவியை வாங்குமுன் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. முதலில் கோப்புகளைத் துப்புரவாக்க வேண்டும். பெயர் மூன்று விதமாக இருக்கும் இடத்தில் உரியவரை அழைத்து, சரியானதைக் கேட்டு எழுத வேண்டும். கருவி வராவிட்டாலும் இது பயன்தரும். பின்னர் பழைய கடிதங்கள் ஐம்பதை எடுத்து, பெயர்களை மறைத்து, கருவியிடம் கொடுத்துப் பார்க்கலாம். சரி பிழை பார்ப்பவர்கள் கமக்காரர் அமைப்பிலிருந்தும் மாதர் சங்கத்திலிருந்தும் வரட்டும். விற்க வந்தவர் தன் பொருளுக்குத் தானே புள்ளியிடுவது முறையன்று. முதல் மூன்று மாதத்தில் கூட்ட அறிவித்தல், கூட்டக் குறிப்பு, விதைநெல் விநியோக நேர அட்டவணை போன்ற சிறு வேலைகள் மட்டும் போதும். வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் வாசித்துப் பார்த்த மனிதர் ஒருவரின் கையொப்பம் இருக்க வேண்டும். மாதச் சந்தா டொலரில் வருகின்றது, தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக உடைவதால் துண்டுக் கணக்கில் அறவிடும் சேவைகளில் எமக்குச் செலவும் கூடும் என்பதைப் பொருளாளர் கவனிப்பாராக. மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் வேலை எப்படி நடக்கும் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். கார்பன் தாளில் எழுதத் தெரிந்தவர் இன்னும் எத்தனை பேர் இருக்கின்றார்களோ!

உத்தியோகத்தரின் அச்சத்தையும் அலட்சியம் செய்யலாகாது. பாப்பரசர் 14ஆம் லியோ 2025 மே மாதத்தில் கர்தினால்மாரிடம் பேசியபோது, 1891இல் தொழிலாளரின் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவை, எமது முன்னோர் சிங்கராயர் என்றழைத்தவரை, நினைவுகூர்ந்தே அப்பெயரைத் தெரிந்ததாகவும், செயற்கை நுண்ணறிவு இன்று தொழிலின் மாண்புக்குப் புதிய சவால்களைக் கொண்டு வருவதாகவும் கூறினார். திருச்சபையின் நிலையமே அந்தச் சவாலை முதலில் தன் சொந்த எழுதுவினைஞரிடத்தில் சந்திக்கின்றது. கருவி வந்ததும் அவரை நிறுத்திவிட்டால், எமது மூன்று பெயர்களும் ஒருவருடையவை என்று சொல்ல அங்கு யார் இருப்பார்?

கடிதம் எழுதுவதில் மிச்சமாகும் மணித்தியாலங்களை என்ன செய்வது என்பதை இப்போதே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும் என நான் கேட்கின்றேன். இன்னும் ஓர் அறிக்கை, இன்னும் ஒரு விண்ணப்பம் என்று அந்த நேரம் மேசையிலேயே கரைந்து போகலாம். வாரத்தில் இரண்டு அரை நாட்களாவது எழுதுவினைஞர் சைக்கிளை எடுத்துக் கொண்டு, உறவினர் வீடுகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருக்கும் குடும்பங்களிடம் போய்வரலாம். எத்தனை தரம் போனார் என்பதை ஒரு கொப்பியில் குறித்து, அதை நிலைய வாசலில் எவரும் புரட்டிப் பார்க்கும்படி தொங்க விடட்டும். ஆறு மாதம் கழித்து வரும் பொதுக்கூட்டத்தில், கருவியைத் தொடர்வதா விடுவதா என்று வாக்கெடுக்குமுன் அந்தக் கொப்பியை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்ட வேண்டும்.