ஆளைத் தெரிதலும் வினையில் அமர்த்தலும்

ஆளைத் தெரிதல் ஒரு கலை. தெரிந்த ஆளை அவருக்குப் பொருந்திய வினையில் அமர்த்துதல் மற்றொரு கலை. திருவள்ளுவர் இவ்விரண்டினையும் வேறுபடுத்தித் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் வைத்துள்ளமை நம் மாணவர் யாவரும் அறிந்ததே. இவ்வேறுபாட்டை மறந்து பெரும்பொருளை இழக்கும் இடம் ஒன்று இக்காலத்தில் உண்டு. அஃது ஐரோப்பாவின் உதைபந்தாட்டச் சந்தையாகும்.

அங்குள்ள பெருங்கழகங்களில் விளையாட்டு இயக்குநர் என்றொரு பதவி உளது. பயிற்சியாளர் வாரந்தோறும் ஆட்டத்தை நடத்துவார். எவரை வாங்குவது, எவரை விற்பது, யாது விலை என்பனவற்றை ஆய்ந்து முடிவு செய்வது இயக்குநரின் பணி. ஆட்டக்காரர் கழகம் மாறுவதற்குக் கோடையில் ஒன்றும் குளிர்காலத்தில் ஒன்றுமாக இரண்டு பருவங்களே உள்ளன. பருவம் முடிந்தவுடன், புதியவர் நான்கு ஆட்டம் ஆடுமுன்னரே, இயக்குநர் வல்லவர் என்றோ வீணர் என்றோ தீர்ப்புகள் கிளம்பிவிடுகின்றன. இவ்வழக்கம் நியாயமன்று என்பது எம் கருத்து. அதனை ஒருவர் வரலாற்றைக் கொண்டே விளக்க முயல்வாம்.

ஸ்பெயின் நாட்டுச் செவில்லா நகரத்துக் கழகம் 2000-ஆம் ஆண்டில் முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பிற்கு இறங்கியது. கையிற் பொருள் இல்லை. 1948-க்குப்பின் பெருங்கோப்பை எதுவும் வென்றதில்லை. அந்நிலையில், அக்கழகத்திலேயே கோல் காவலராயிருந்து ஓய்வுபெற்ற மொன்சி என்பார் இயக்குநராக அமர்ந்தார். மறு ஆண்டே கழகம் முதல் வகுப்பிற்கு மீண்டது. எனினும் முதற் பெருங்கோப்பை கைக்கு வந்தது 2006-இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், தன் பள்ளியில் வளர்ந்த ரெயெஸ், செர்கியோ ராமோஸ் ஆகிய இளைஞரைக் கழகம் விற்க நேர்ந்தது. ராமோஸ் 2005-இல் 2 கோடியே 70 இலட்சம் யூரோவிற்கு ரியல் மாத்ரிதுக்குச் சென்றார். அதே ஆண்டில் கனூத்தே, லூயிஸ் ஃபபியானோ என்னும் இருவர் வாங்கப்பெற்றனர். மறு ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் மிடில்ஸ்பரோவைச் செவில்லா 4–0 என்று வென்றபோது, அவ்விருவருமே ஆளுக்கொரு கோல் அடித்தனர். பின் 2007, 2014, 2015, 2016 என அக்கோப்பை மீண்டும் மீண்டும் அந்நகருக்கு வந்தது.

இவ்வெற்றிக்கு அடிப்படை யாது? மந்திரம் யாதும் இல்லை, ஒழுங்கான உழைப்பே. மொன்சியின் துணைவர் பல நாடுகளின் ஆட்டங்களையும் பங்கிட்டுக்கொண்டு பார்ப்பர். ஆண்டின் முற்பகுதியில் இன்ன இடத்திற்கு இன்னார் வேண்டும் என்ற நோக்கமின்றியே பார்த்து, திங்கள்தோறும் ஒவ்வொரு நாட்டிற்கும் சிறந்த பதினொருவர் பட்டியல் ஒன்று வகுப்பர். பட்டியலில் அடிக்கடி தோன்றுபவரை டிசம்பருக்குமேல் சொந்தத் திடலிலும் அயல் திடலிலும், எளிய எதிரியிடமும் வலிய எதிரியிடமும் வைத்து ஆராய்வர். சந்தை திறக்குமுன்னரே அவர்தம் ஆராய்ச்சி முடிந்திருக்கும். 2011-இல் சிறுவிலைக்கு வந்து, செவில்லாவின் அணித்தலைவராகி, 2014-இல் பார்சிலோனாவிற்குச் சென்ற ராக்கிட்டிச் இம்முறையின் விளைவுகளுள் ஒருவர்.

அதே மொன்சி 2017 ஏப்ரலில் இத்தாலியின் ரோமா கழகத்திற்குச் சென்றார். அக்கழகம் ஐரோப்பியச் சங்கத்தின் வரவுசெலவு விதிகளுக்குக் கட்டுப்பட்டு, ஆளை விற்றுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டிய நிலையிலிருந்தது. அவர் சென்ற இரண்டு திங்களுக்குள் முகம்மது சலா லிவர்பூலுக்கு விற்கப்பட்டார். மறு ஆண்டு கோல் காவலர் அலிசனும் அங்கேயே சென்றார். அவ்விருவரையும் கொண்டு லிவர்பூல் 2019-இல் ஐரோப்பாவின் முடி சூடிற்று. ரோமாவோ 2018-இல் ஐரோப்பிய அரையிறுதி வரை சென்று அந்த லிவர்பூலிடமே தோற்றது. மொன்சி 2019 மார்ச்சில், இரண்டாண்டு நிறையுமுன்னர், அங்கிருந்து விலகினார்.

அவர்பாற் குற்றமே இல்லை என்று யாம் வாதிடவில்லை. பேர்பெறாத இளைஞரைக் கண்டெடுத்தவர், ரோமாவில் 29 வயது நிரம்பிய பாஸ்தோரேயைப் பெருவிலைக்கு வாங்கினார். மீண்டும் செவில்லாவிற்கு வந்தபின், 2022-இல் முப்பது வயதான இஸ்கோவைச் சேர்த்தார். முன்னவர் நோயாலும் காயத்தாலும் பயன்படாது போனார். பின்னவர் சில திங்களிலேயே நீங்கினார். ஒருவர் தம் முறையைத் தாமே கைவிடுதல் குற்றமே. அதனைக் கண்டிப்பது தகும்.

ஆயினும் மற்றொன்றையும் நோக்க வேண்டும். அந்த இஸ்கோவே 2023-இல் அதே நகரத்து எதிர்க்கழகமாகிய பெத்திஸிற் சேர்ந்து மிக நன்கு ஆடினார். ரோமா பெரும்பொருள் ஈந்து வாங்கியும் சோபியாத ஷிக், பின்னர் ஜெர்மனியின் லெவர்குசனில் 2021–22-ஆம் ஆண்டில் மட்டும் 24 கோல் அடித்தார். ஆளைத் தெரிந்ததிற் பிழை இருந்திருந்தால் இவர் வேறிடத்தில் எங்ஙனம் மலர்ந்திருப்பர்? பிழை, அமர்த்தியதில் உளது. அப்பிழையில் இயக்குநருக்கு ஒரு பங்கு உண்டெனின், பயிற்சியாளருக்கும் கழக உடைமையாளருக்கும் பங்குண்டு. பழி மட்டும் ஒருவர் தலையில் விழுகிறது.

பொறுமையின்மைக்கு இன்னுமொரு சான்று காட்டுவாம். மாஞ்செஸ்டர் யுனைட்டெட் கழகம் டான் ஆஷ்வொர்த் என்பவரை நியூகாசிலிலிருந்து பெறுதற்குப் பல திங்கள் காத்திருந்தது. அவர் 2024 ஜூலை முதல் நாள் பணியேற்றார்; டிசம்பர் 8-ஆம் நாள் நீங்கினார். நட்ட விதை முளைத்ததாவென்று நாள்தோறும் மண்ணைக் கிளறிப் பார்க்கும் உழவனை ஊரார் என்னென்பர்?

ஆதலின் இயக்குநரை அளக்கும் கோல் மூன்று என்போம். முதலாவது, ஒரு கோடையை வைத்து எண்ணாமல் நான்கைந்து ஆண்டின் விளைவைச் சேர்த்து எண்ணுதல். இரண்டாவது, வாங்கியதோடு விற்றதையும் நோக்குதல். கட்டாயத்தால் விற்றதனையும் அறியாமையால் விற்றதனையும் பிரித்தறிதல். மூன்றாவது, அவர் வகுத்த முறையில் அவரே நின்றாரா என்று கேட்டல். இம்மூன்றாலும் அளந்தபின் குறைவுபடுபவரை நீக்குக. அதற்கு எவரும் தடை சொல்லார்.

இஃது அயல்நாட்டு விளையாட்டுச் செய்திதானே என்று நேயர் கருதற்க. விலை பேசப்படுபவர் பெரும்பாலும் இருபது வயது இளைஞர். வீடும் மொழியும் விட்டு வந்தவர். அவசரத் தீர்ப்பினால் இயக்குநர் பதவி இழப்பர். பிறிதொரு கழகத்தில் பதவி பெறவும் கூடும். பொருந்தா இடத்தில் வீற்றிருந்து இரண்டாண்டை இழந்த இளைஞனுக்கோ அவ்விரண்டாண்டு மீளாது. ஆட்டக்காரன் வாழ்வில் அது சிறு பகுதியன்று. 2023-இல் செவில்லா தன் ஏழாவது ஐரோப்பியக் கோப்பையை ரோமாவை வென்றே பெற்றது. அதே ஆண்டில் தன் நாட்டுப் பந்தயத்தில் பன்னிரண்டாம் இடத்தில் நின்றது. வெற்றியும் தோல்வியும் ஓர் ஆண்டிலேயே ஒரே வீட்டில் இவ்வாறு கலந்திருக்க, ஒரு பருவத்தின் கணக்கைக் கொண்டு ஒருவர் திறமைக்கு முடிவுகட்டுதல் எவ்வாறு பொருந்தும்? கற்றோர் சிந்திப்பாராக.